ஓசூர் அணையில் பொங்கும் நுரை: பெல்லந்தூர் ஏரியைத் தூர்வாரினால் மட்டும் அடங்கிவிடுமா?

மழை கொஞ்சம் வலுத்தால் போதும், ஓசூர் அருகே உள்ள கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும். வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றும். 'துர்நாற்றத்தால் விவசாயிகள் வேதனை' என்று டிவி திரையின் அடியில் எழுத்து ஓடும். நாலு நாளில் நுரை அடங்கும், செய்தியும் அடங்கும். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே காட்சி.

இந்த அணையின் இடது, வலது கால்வாய்களை நம்பி சுமார் 8,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. தக்காளி, கோஸ், ரோஜா என்று ஓசூர் பக்கத்து மண்ணில் விளைவது பாதி தமிழ்நாட்டுச் சந்தைக்கும், பாதி அதே பெங்களூருக்கும்தான் போகிறது. அதாவது பெங்களூரு கழுவி ஊற்றிய தண்ணீரில் விளைந்த காய் மறுபடியும் பெங்களூரு சமையலறைக்கே போய்ச் சேருகிறது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் நிலைமை வேடிக்கையானது இல்லை.

'கர்நாடகாவில் ஏரியைச் சுத்தம் பண்றாங்களே, அப்புறம் ஏன் நுரை நிக்கல?' என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் ஏரியின் அடியில் கிடக்கும் சேற்றில் இருக்கிறது.

நுரை கிளம்பும் இடம்

பெங்களூருக்குப் பெரிய ஆறு எதுவும் கிடையாது. மேட்டில் ஒரு ஏரி, அது நிரம்பினால் அடுத்த ஏரி என்று சங்கிலியாக வெட்டி வைத்தார்கள் அந்தக் காலத்தில். நம் ஊர் ஏரிகளைப் போலத்தான். அல்சூர் ஏரி உட்பட நகரின் நடுப்பகுதித் தண்ணீர் எல்லாம் தென்கிழக்கே இறங்கி பெல்லந்தூர் ஏரியில் சேரும். சுமார் 900 ஏக்கர் பரப்பு கொண்ட இது பெங்களூரின் மிகப்பெரிய ஏரி. அங்கிருந்து வர்த்தூர் ஏரி. வர்த்தூர் வழிந்தால் தட்சிண பினாகினி. அந்த ஆறு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் தென்பெண்ணை. முதல் நிறுத்தம் கெலவரப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூரில் கடல்.

மழைநீருக்காகப் போட்ட இந்தப் பாதையில் இப்போது ஓடுவது பெரும்பாலும் சாக்கடை. பெங்களூரின் கழிவுநீரில் சுமார் 40 சதவீதம் பெல்லந்தூர் பக்கம்தான் இறங்குகிறது என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. நாளொன்றுக்கு 40 கோடி லிட்டருக்கும் மேல். இதில் ஒரு பகுதி சுத்திகரிப்பு நிலையங்களைத் தொட்டு வருகிறது, மீதி ராஜகால்வாய்கள் வழியாக அப்படியே வந்து விழுந்தது.

விளைவை நாடே பார்த்தது. 2015-ல் கலங்கலில் பொங்கிய நுரை காற்றில் பறந்து சாலையில் போகிறவர்கள் மேல் விழுந்தது. அதே ஆண்டு மே மாதம் நுரை தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் ஏரி மறுபடியும் எரிந்தது. 2018 ஜனவரியில் பிடித்த தீயை அணைக்கத் தீயணைப்புத் துறை போதாமல் ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் இறங்கினார்கள். தண்ணீர் எப்படி எரியும்? எரிந்தது தண்ணீர் இல்லை. ஏரியை மூடி வளர்ந்து காய்ந்த செடி, கொட்டிய குப்பை, அடியில் அழுகும் சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயு.

சோப்பு பாதி, சாப்பாடு பாதி

நுரைக்கு நேரடிக் காரணம் சோப்புத் தூள், டிடர்ஜென்ட், ஷாம்பூ. இவற்றில் இருக்கும் நுரைப்பான்கள் முழுதாகச் சிதையாமல் தண்ணீரில் தங்கும். அந்தத் தண்ணீர் கலங்கலில் உயரத்திலிருந்து விழும்போது காற்றோடு கலந்து பொங்கும். வாஷிங் மெஷினுக்குள் நடப்பதுதான் இங்கே பெரிய அளவில் நடக்கிறது.

ஆனால் ஏரியைக் கொன்றது நுரை இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஊட்டச்சத்து. குறிப்பாகப் பாஸ்பரஸும் நைட்ரஜனும். வயலுக்கு டி.ஏ.பி.யும் யூரியாவும் போடுகிறோமே, அதில் இருப்பதும் இதே இரண்டுதான். மனிதக் கழிவிலும் உணவுக் கழிவிலும் இவை நிறைய உண்டு, பல சோப்புத் தூள்களில் பாஸ்பேட்டும் உண்டு. நகரம் முழுக்கக் குளித்து, துவைத்து, சாப்பிட்டு, கழித்த எல்லாமும் ஏரிக்கு உரமாகப் போகிறது. உரம் போட்டால் வளரத்தானே செய்யும்? பாசி வளர்கிறது, ஆகாயத்தாமரை வளர்கிறது. அவை செத்து அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. மீன் மிதக்கிறது.

இந்த இரண்டில் யார் முக்கியக் குற்றவாளி என்பதற்கு ஒரு பிரபலமான பரிசோதனை உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு 1973-ல் ஒரு சிறு ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பன், நைட்ரஜன். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேலென்று மாறியது. மேலிருந்து எடுத்த அந்தப் படம் உலக நாடுகளின் டிடர்ஜென்ட் சட்டங்களையே மாற்றியது. கார்பனைப் பாசி காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். சில வகை நீலப்பச்சைப் பாசிகள் நைட்ரஜனையும் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை, தண்ணீரில் வந்தால்தான் உண்டு. அதனால் கடிவாளம் அங்கேதான்.

நாமே ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருப்பது சாதாரணம். 40 கோடி லிட்டருக்கு எவ்வளவு? 2,000 கிலோ. ஒரு நாளைக்கு 2 டன்! ஒரு கிலோ பாஸ்பரஸ், மற்ற வசதிகளும் அமைந்தால், சுமார் 500 கிலோ ஈரப் பாசியை வளர்க்கும் என்பது நீரியலில் வழக்கமாகச் சொல்லும் விகிதம். எல்லாம் பாசியாக மாறிவிடாது. கொஞ்சம் ஆகாயத்தாமரைக்குப் போகும், கொஞ்சம் கலங்கல் தாண்டி ஆற்றோடு போகும், பெரும்பங்கு அடியில் படியும். ஆனால் அளவு புரிகிறதல்லவா? இயந்திரம் வைத்து ஆகாயத்தாமரையை அள்ளுகிறோம் என்று அதிகாரிகள் சொல்லும்போது, எதை எதிர்த்து அள்ளுகிறார்கள் என்பதை இந்த 2 டன்னோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆழமில்லாத ஏரி ஏன் இவ்வளவு படுத்துகிறது?

ஆழமான ஏரியில் அடியில் படிந்த சேறு பெரும்பாலும் அங்கேயே அடங்கிக் கிடக்கும். கோடையில் மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் எளிதில் கலக்காது. பெல்லந்தூர் போன்ற ஏரிகள் அப்படி இல்லை. சில மீட்டர் ஆழம்தான். பலமாகக் காற்றடித்தால் அடிச்சேறு கலங்கி மேலே வரும். முதல் மழையின் வெள்ளம் புகுந்தாலும் அதே கதை. கோடை மழையில் நுரை திடீரென்று கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். காற்றும் வெள்ளமும் சேற்றில் பல ஆண்டுகளாகச் சேர்ந்ததைக் கிளறிவிடுகின்றன.

காற்றே அடிக்காவிட்டாலும் சேறு சும்மா இருக்காது. ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்புச் சத்து பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகும், பாஸ்பரஸ் கரைந்து மேலே வரும். சாக்கடை விழும் ஏரியில் ஆக்சிஜன் தீர எவ்வளவு நேரம் ஆகும்?

தயிர்ப் பாத்திரத்தைக் கழுவாமல் புதுப் பால் ஊற்றினால் என்ன ஆகும்? பால் நல்ல பாலாகவே இருக்கலாம். ஆனால் அடியில் ஒட்டியிருக்கும் உறை அதைத் தயிராக்கிவிடும். ஆழமில்லாத ஏரியின் சேறு அந்த உறை மாதிரி. வெளியிலிருந்து வரும் சாக்கடையை நாளைக்கே ஒரு சொட்டு விடாமல் நிறுத்தினாலும், உள்ளே இருக்கும் சேறு பல வருஷம் பாசிக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்டன் ஷெஃபர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990-களில் விளக்கிய விஷயம் இது. ஆழமில்லாத ஏரிக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, தெளிந்த தண்ணீர், அடியில் வேர்விட்ட நீர்ச்செடிகள். அந்தச் செடிகள் சேற்றைப் பிடித்து வைக்கும், சிறு உயிரினங்களுக்கு ஒளிய இடம் தரும், அந்த உயிரினங்கள் பாசியைத் தின்னும். இன்னொன்று, கலங்கிய பச்சைத் தண்ணீர். வெயில் அடிவரை போகாது, செடி முளைக்காது, கெண்டை வகை மீன்கள் அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். இரண்டுமே தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் நிலைகள். தெளிவிலிருந்து கலங்கலுக்கு விழுவது சுலபம். திரும்ப ஏறுவதற்கு, விழுந்தபோது இருந்த அளவைவிட ஊட்டச்சத்தை ரொம்பக் கீழே இறக்க வேண்டும்.

எவ்வளவு கீழே? தெளிந்த நிலை நிலைத்து நிற்க லிட்டருக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்பது ஐரோப்பிய ஏரிகளில் கிடைத்த அனுபவம். சாக்கடையில் இருப்பதோ 5. நம் வெயிலுக்கு அந்த எல்லை அப்படியே பொருந்தாமல் போகலாம், சூட்டில் சேறு இன்னும் வேகமாக வேலை செய்யும். எப்படிப் பார்த்தாலும் தூரம் ஐம்பது மடங்கு.

இதுவரை நடந்த வேலை

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்த ஏரி விவகாரத்தில் பலமுறை தலையிட்டது. 2017 ஏப்ரலில் ஏரியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளை மூடச் சொன்னது. 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய், பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஏரி வேலைக்கென்று 500 கோடியைத் தனிக் கணக்கில் ஒதுக்கச் சொன்னது. நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் கண்காணிப்புக் குழுவும் அமைந்தது.

அதன் பிறகு பெங்களூரு வளர்ச்சி ஆணையம் தூர்வாரத் தொடங்கியது. முறை எளிது. ஏரிக்குள் வரும் தண்ணீரைக் கரையோரம் கால்வாய் வெட்டித் திருப்பிவிட வேண்டும். ஏரி காயும். காய்ந்த சேற்றை லாரியில் அள்ள வேண்டும். பெல்லந்தூரில் மட்டும் அள்ள வேண்டிய சேறு 30 லட்சம் கன மீட்டருக்கும் மேல். கெடு பலமுறை தள்ளிப்போனது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஏரிக்குள் போகாமல் திருப்பிவிட்ட தண்ணீர் எங்கே போகும்? நேராகக் கீழே. வர்த்தூரிலும் இதே மாதிரி சுற்றுக் கால்வாய் வைத்துத்தான் வேலை. முன்பெல்லாம் எவ்வளவு நாறினாலும் இந்த இரண்டு ஏரிகளும் ஒரு பெரிய செப்டிக் டேங்க் போல வேலை செய்தன. கழிவு சில நாள் தங்கும், கொஞ்சம் படியும், கொஞ்சம் சிதையும், பிறகுதான் ஆற்றில் விழும். இப்போது அந்தத் தங்கல் இல்லை. ஏரியைச் சுத்தம் செய்கிற காலத்தில்தான் கீழே இருப்பவர்களுக்குக் கழிவு பிடிப்பு இல்லாமல் வரும். கெலவரப்பள்ளிக்கு வரும் வழியில் வேறு கழிவுகளும் சேர்கின்றன, எல்லாப் பழியையும் இதன் மேலேயே போட முடியாதுதான். ஆனால் 'ஏரியைச் சுத்தம் செய்தும் நுரை நிற்கவில்லையே' என்பதற்கு ஒரு விடை இதில் இருக்கிறது. ஏரியில் வேலை நடக்கிறது, தண்ணீரில் நடக்கவில்லை.

'சுத்திகரித்த தண்ணீர்' என்றால் எவ்வளவு சுத்தம்?

'எல்லாச் சாக்கடையையும் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பிட்டா முடிஞ்சுது' என்று நினைப்போம். முழுசாக முடியாது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை, அழுகும் கரிமப் பொருளைக் குறைப்பது. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், நாற்றம் குறையும். ஆனால் பாஸ்பரஸில் பத்து முதல் முப்பது சதவீதம்தான் குறையும், மீதி தெளிந்த தண்ணீரோடு வெளியே போய்விடும். அதை எடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். அலுமினிய அல்லது இரும்பு உப்பு போட்டுப் படியவைக்கலாம், அதற்கென்றே வளர்க்கும் பாக்டீரியாவைப் பயன்படுத்தலாம். செலவும் மின்சாரமும் கூடும்.

விதிமுறை என்ன சொல்கிறது? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட கழிவுநீர் அளவுகோல்களில் பாஸ்பரஸுக்கும் நைட்ரஜனுக்கும் உச்சவரம்பே இல்லை. ஏரியைக் கொல்லும் இரண்டு பொருளுக்கும் வரம்பு இல்லாத ஏரிப் பாதுகாப்பு! 2019 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் இதை மாற்றி, ஏரி குளங்களில் விடும் தண்ணீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. நல்ல முன்னேற்றம்தான். அந்த 1 கூட, தெளிந்த ஏரிக்கு வேண்டிய அளவைப் போலப் பத்து மடங்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

இது பெல்லந்தூர் பிரச்சினை மட்டும் இல்லை. இதே கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த தண்ணீரை வறண்ட கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் 2018-ல் தொடங்கியது. திட்ட அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். தண்ணீர் போய்ச் சேர்ந்த சில வாரங்களில் அங்கேயும் நுரை தெரிந்து விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கோலார் விவசாயிகள் கேட்பது மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு. ஊட்டச்சத்தையும் எடுக்கும் நிலை அது. ஓசூர் விவசாயி கேட்க வேண்டியதும் அதேதான்.

அபோப்கா படித்த பாடம்

ஆழமில்லாத ஒரு பெரிய ஏரியை மீட்க எவ்வளவு காலமாகும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள அபோப்கா ஏரியைப் பார்க்கலாம். ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் சுமார் 125 சதுர கிலோமீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் சொச்சம். ஒரு காலத்தில் அடிவரை தெரியும் தண்ணீர், மீன்பிடிக்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். 1940-களில் வடகரைச் சதுப்பு நிலத்தைக் கரை கட்டி வடித்துக் காய்கறிப் பண்ணைகள் ஆக்கினார்கள். பண்ணையின் உரத் தண்ணீரை மறுபடியும் ஏரிக்கே பம்ப் செய்தார்கள். 1947-ல் முதல் பாசிப் பெருக்கம். அடிச்செடிகள் போயின. ஏரி பச்சைக் குழம்பானது.

அங்கே செய்த வேலையின் வரிசையைக் கவனியுங்கள். 1996-ல் சட்டம் போட்டு, பாஸ்பரஸுக்கு எண்ணாகவே இலக்கு வைத்தார்கள்: லிட்டருக்கு 0.055 மில்லிகிராம். உரத்தண்ணீர் வரும் ஊற்றையே அடைக்க, சுமார் 10 கோடி டாலர் கொடுத்து பண்ணைகளை அரசே வாங்கியது. சேற்றைக் கிளறும் ஷாட் மீன்களை 1993 முதல் டன் கணக்கில் பிடித்து அகற்றினார்கள், மீனோடு அதன் உடம்பில் இருக்கும் பாஸ்பரஸும் வெளியேறும். 2003-ல் ஏரித் தண்ணீரைச் சதுப்பு நிலத்துக்குள் சுற்றவிட்டு வடிகட்டும் ஏற்பாடு வந்தது. பாஸ்பரஸ் பாதிக்கும் கீழே இறங்கியது, சில இடங்களில் செடிகள் மறுபடி முளைத்தன. ஆனால் அதற்கே கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

நடுவில் ஒரு பெரிய அடியும் விழுந்தது. வாங்கிய பண்ணை நிலத்தில் தண்ணீர் விட்டதும் பறவைகள் குவிந்தன. 1998-99 குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. பண்ணை மண்ணில் பழைய பூச்சிமருந்து அப்படியே இருந்தது, மீன் வழியாகப் பறவைக்குப் போனது. பெல்லந்தூரில் அள்ளிய சேறு எந்த நிலத்தில் கொட்டப்படுகிறது, அதில் கன உலோகம் எவ்வளவு என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஏரிச் சேறு நல்ல எரு என்பது நம் ஊர்ப் பழக்கம். அது சாக்கடை விழாத ஏரிக்குப் பொருந்தும்.

ஊட்டச்சத்து வரத்தைக் குறைத்த 35 ஏரிகளை 2005-ல் ஒரு சர்வதேசக் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கா. வெளிவரத்தைக் குறைத்த பிறகும் சேறு விடும் பாஸ்பரஸ் அடங்கப் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் ஆனது. சேற்றை அள்ளினால் இந்தக் காலத்தைக் குறைக்க முடியும், அதுதான் தூர்வாரலின் உண்மையான பயன். ஆனால் வரத்தை நிறுத்திய பிறகு அள்ளினால்தான் அந்தப் பயன். முன்னால் அள்ளினால், அள்ளிய குழியில் புதுச் சேறு படிய இடம் செய்து கொடுத்த கணக்கு.

பெங்களூரிலேயே ஒரு வழி

தொலைதூரம் போக வேண்டாம். வடக்கு பெங்களூரில் ஜக்கூர் ஏரி இருக்கிறது. அதன் மேட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையம், தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் திறன். அங்கிருந்து வெளியேறும் தண்ணீர் நேராக ஏரிக்குப் போகாமல், சம்பு உள்ளிட்ட செடிகள் வளர்த்த ஈரநிலம் வழியாக மெதுவாக ஊர்ந்து போகிறது. சுத்திகரிப்பு நிலையம் விட்டுவிட்ட ஊட்டச்சத்தில் ஒரு பகுதியைச் செடி குடித்துக்கொள்ளும். ஏரியில் மீன்பிடிக்கிறார்கள், பறவைகள் வருகின்றன.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. செடி குடித்த பாஸ்பரஸ் மாயமாகிவிடுவதில்லை. வளர்ந்த செடியை அறுத்து வெளியே கொண்டுபோனால்தான் அது வெளியேறும். அறுக்காமல் விட்டால் செடி அங்கேயே மக்கி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஈரநிலம் என்பது ஒருமுறை கட்டித் திறப்புவிழா நடத்தும் வேலை இல்லை, தோட்டம் மாதிரி வருஷா வருஷம் ஆள் போட்டுப் பார்க்க வேண்டிய வேலை. பெல்லந்தூரின் அளவுக்கு இது மட்டும் போதாது என்பதும் உண்மை. 1 கோடி லிட்டருக்கும் 40 கோடி லிட்டருக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

ஓசூர் எதைக் கேட்க வேண்டும்?

தமிழ்நாட்டில் இந்த விவகாரம் பேசப்படும்போதெல்லாம் 'நுரை வருது, நிறுத்துங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நுரை ஓர் அடையாளம்தான். நுரைப்பானை மட்டும் குறைத்தால் வீடியோவில் நுரை தெரியாது, தண்ணீரிலிருக்கும் பாஸ்பரஸ் அப்படியே வந்து கெலவரப்பள்ளி அணையிலும் படியும். அந்த அணையும் ஆழம் அதிகமில்லாததுதான், முழுக் கொள்ளளவே 44.28 அடி. பெல்லந்தூரில் நடந்ததெல்லாம் இங்கேயும் நடக்க எந்தத் தடையும் இல்லை. பாசி, ஆகாயத்தாமரை, மீன் சாவு எல்லாம் கூடவே வரும். அப்போது தூர்வாரும் செலவு தமிழ்நாட்டு அரசின் தலையில்.

அதனால் எல்லையில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கும்போது, வழக்கமான ஆக்சிஜன் அளவுகளோடு மொத்த பாஸ்பரஸ், மொத்த நைட்ரஜன் எவ்வளவு என்பதையும் மாதாமாதம் பொதுவில் வெளியிட வேண்டும் என்று கேட்கலாம். மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று இரண்டு மாதிரி எடுத்தால் போதாது. சேறு கிளம்புவது முதல் மழையில்தான், அன்றைக்கு எடுத்த மாதிரிதான் உண்மையைச் சொல்லும். கர்நாடகத் தரப்பிடமும் 'எத்தனை லாரி சேறு அள்ளினீர்கள்' என்பதற்குப் பதிலாக, 'ஏரிக்குள் நுழையும் ஒவ்வொரு கால்வாயிலும் பாஸ்பரஸ் எவ்வளவு, போன வருஷம் எவ்வளவு' என்று கேட்கலாம். லாரி எண்ணிக்கைக்குப் பதில் சுலபமாகக் கிடைக்கும். கால்வாய்க் கணக்குக்குப் பதில் கிடைக்கும்வரை, ஓசூரில் மதகைத் திறக்கும்போது எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.